ஒன்பது பேர் எங்கே? எச்.ஐ.வி. சிகிச்சையும் ஓசூர் எல்லைப்புறச் சபைகளும்

எச்.ஐ.வி. கிருமி உடலில் இருப்பதாக அறியப்பட்ட ஒருவர், நாள்தோறும் ஒரே ஒரு மாத்திரையை உட்கொண்டு, ஏறக்குறைய ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழ இன்று இயலும். அம்மாத்திரை அரசு மருத்துவமனைகளில் விலையின்றி வழங்கப்படுகிறது. இவ்விரு செய்திகளும் நம் சபையாரில் பலருக்கு இன்னும் புதியனவாகவே உள்ளன. மருந்து இல்லாமையால் அந்நாளில் மக்கள் மரித்தனர். மருந்து இருந்தும் இந்நாளில் சிலர் மரிப்பதேன்? ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நலம். 1986-ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், செல்லப்பன் நிர்மலா என்னும் மருத்துவ மாணவி பாலியல் தொழிலில் அகப்பட்டிருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் அதற்குரிய சோதனை வசதி அப்போது இல்லை. ஆகவே அவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தென்பட்டது. இந்திய நாட்டில் இந்நோய் இருப்பது முதன்முதலாக அறியப்பட்டது இவ்வாறே. திருச்சபையின் மருத்துவ ஊழியத்திற்கு இவ்வரலாற்றில் தொடக்கத்திலேயே இடமுண்டு என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் அப்பெண்களுக்குக் கொடுப்பதற்கு அன்று உலகில் எங்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

1990-களின் நடுப்பகுதியில் கூட்டு மருந்து முறை மேலைநாடுகளில் வந்தது. ஓராண்டு மருந்தின் விலை ஒருவருக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேற்பட்டது. 2001-இல் இந்திய நிறுவனமாகிய சிப்லா அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபின் நிலைமை மாறியது. 2004 ஏப்ரல் முதல் நாளன்று நடுவண் அரசு இலவசச் சிகிச்சையை எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியது. அவற்றுள் ஒன்று, 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து காசநோயாளர்க்கென்று நிறுவிய தாம்பரம் சானடோரியம். தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது அதே ஆண்டின் பிப்ரவரி 9-ஆம் நாளில். ஆகவே இம்மாவட்டத்தின் வயதும் இலவசச் சிகிச்சையின் வயதும் ஏறத்தாழ ஒன்றே. 2017 ஏப்ரலில், நோய் எந்த நிலையில் இருப்பினும் கிருமி கண்டறியப்பட்ட அனைவருக்கும் உடனே மருந்து என்னும் கொள்கை வந்தது. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அடங்கிய ஒற்றை மாத்திரை நடைமுறைக்கு வந்தது. மருந்தைப் பொறுத்தவரை ஏழை நோயாளிக்கும் செல்வருக்கும் இடையே இருந்த பிளவு பெருமளவு மறைந்துவிட்டது.

மருந்தின் பயன் உட்கொள்பவரோடு முடிவதுமில்லை. சென்னை, புனே உட்பட ஒன்பது நாடுகளின் மையங்களில் 1,763 தம்பதியரிடையே நிகழ்ந்த ஆய்வின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. கிருமியுள்ள துணைவர் முற்படவே சிகிச்சை தொடங்கினால், மற்றவருக்கு அது பரவுவது 96 விழுக்காடு குறைந்தது. இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குத் தணிந்த நிலையில், உடலுறவின் வழியே அது பரவுவதில்லை என்பது இப்போது மருத்துவ உலகில் நிலைபெற்ற உண்மை. திருமணம், குடும்பம் என்பன பற்றி ஆயர்கள் கூறும் அறிவுரை இவ்வுண்மையை அறிந்த அறிவுரையாக இருத்தல் வேண்டும்.

எல்லைப்புறம்

லூக்கா நற்செய்தியாளர் பத்துத் தொழுநோயாளரைப் பற்றிக் கூறும் பகுதி (லூக். 17:11-19) நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் நன்றியறிதல் என்னும் ஒரே பொருளுக்கு உரியதாகிவிட்டது. அறுவடைப் பண்டிகைதோறும் அதனைக் கேட்கிறோம். ஆயின் அந்நிகழ்ச்சி நடந்த இடத்தை நற்செய்தியாளர் வேண்டுமென்றே குறிக்கிறார். சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் இடைப்பட்ட எல்லைப்புறம் அது. யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் உறவாடாத காலத்தில், அப்பத்துப் பேரில் ஒருவர் சமாரியர். ஊருக்குள் ஒன்றுசேராதவர்களை ஊருக்கு வெளியே நோய் ஒன்றுசேர்த்திருந்தது. எல்லைப்புறத்தில்தான் இத்தகைய கூட்டம் உருவாகும்.

ஓசூர் அத்தகைய எல்லைப்புறம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பல தலைமுறைகளாக அங்கு ஒரே தெருவில் பேசப்படுகின்றன. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் வந்தன. அவற்றைச் சார்ந்து நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எழுந்தன. அண்மை ஆண்டுகளில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கென ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞரும் இளம்பெண்களும் பெருந்திரளாக வந்து விடுதிகளில் தங்கியுள்ளனர். 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. மேற்கே ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியோ 50 கிலோமீட்டர். சென்னை செல்லும் சாலையும் சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலையும் கிருஷ்ணகிரியில் பிரிகின்றன. இரவும் பகலும் லாரிகள் ஓயாமல் ஓடும் வழி அது. (லாரி ஓட்டுநர் என்றாலே நோய் பரப்புபவர் என்று பேசும் வழக்கம் தமிழகத்தில் வேரூன்றிவிட்டது. அப்பேச்சு எத்தனை ஓட்டுநரைச் சோதனைக்கு வரவிடாமல் தடுத்திருக்கும் என்பதை அவ்வாறு பேசுவோர் எண்ணிப்பார்ப்பதில்லை.)

இத்தகைய இடத்தில் ஒருவருக்கு மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டால் சிகிச்சை நடந்துவிடும் என்று எண்ணுதல் பேதைமை. அடுத்த மாதம் அவர் எந்த ஆலையில், எந்த மாநிலத்தில், எந்த ஷிப்டில் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

மையம் செய்யும் பணி

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் இடத்திற்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். அரசு ஆவணங்களில் காணும் பெயர்களுள் இறையியல் மாணவர் நின்று சிந்திக்கத்தக்க பெயர் இது. அங்குக் கிருமி உறுதியானபின் நோயாளி ஏ.ஆர்.டி. மையம் எனப்படும் கூட்டு மருந்து சிகிச்சை மையத்திற்கு அனுப்பப்படுகிறார். பொது மருத்துவப் பிரிவில் எழுதப்படும் மருந்துச் சீட்டுக்கும் இம்மையத்தின் பணிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தால், நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இம்மையத்தில் மருத்துவர் ஒருவரே அனைத்தையும் செய்வதில்லை. ஆலோசகர், மருந்தாளுநர், செவிலியர், ஆய்வகப் பணியாளர், பதிவேட்டைக் காப்பவர் ஆகியோர் ஒரு குழுவாக இயங்குகின்றனர். இவர்களுடன், இக்கிருமியோடு வாழும் ஒருவரும் பணியாளராக அமர்த்தப்படுகிறார். புதிதாக வந்து நடுங்கிக்கொண்டிருப்பவரின் அருகே அமர்ந்து, 'நானும் இம்மாத்திரையைத்தான் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறேன்' என்று அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும். அச்சொல்லுக்கு ஈடான போதனை நம் இறையியல் கல்லூரிகளிலும் இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஆலோசகர் மாத்திரைகளை எண்ணுகிறார். முப்பது நாளுக்கு முப்பது மாத்திரை. ஒன்று தவறினால் ஏறத்தாழ 97 விழுக்காடு. இரண்டு தவறினால் 93. பழைய மருந்துகளுக்கு 95 விழுக்காடு என்பதே பாதுகாப்பின் வரம்பாகக் கொள்ளப்பட்டது. புதிய மாத்திரை இதைவிடச் சற்றுப் பொறுமையுடையது. எனினும் அடிக்கடி தவறினால் கிருமி மருந்துக்குப் பழகி அதனை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளும். அப்போது இரண்டாம் வரிசை மருந்து தேவைப்படும். அதனைத் தொடங்கும் அதிகாரம் குறிப்பிட்ட உயர்நிலை மையங்களுக்கே உண்டு. ஓசூர்த் தொழிலாளிக்கு அது இன்னும் நீண்ட பயணம்.

வைரஸ் அளவுச் சோதனை இப்பணியின் உரைகல். சிகிச்சை தொடங்கி ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும், பின் ஆண்டுதோறும் இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை பார்க்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்துக்கும் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். மிகுந்திருந்தால் உடனே மருந்தை மாற்றுவதில்லை. ஏறத்தாழ மூன்று மாத காலம் ஆலோசகர் நோயாளியை மீண்டும் மீண்டும் அழைத்துப் பேசுகிறார். மாத்திரையை எங்கு வைக்கிறீர், எவர் காண்பார் என்று அஞ்சுகிறீர், இரவு ஷிப்டில் எப்போது உண்கிறீர் என்றெல்லாம் கேட்கிறார். அதன்பின்னரே மறுசோதனை. இப்பேச்சே பலரிடம் போதுமானதாகிறது; மருந்து மாறாமலே கிருமி தணிகிறது.

விடுதி அறையில் எட்டுப் பேரோடு தங்கும் பெண் மாத்திரைக் குப்பியின் மேலுள்ள தாளைக் கிழித்துவிடுவதும், சத்து மாத்திரைப் புட்டியில் மாற்றிவைப்பதும் எங்கும் காணக்கூடியவை. ஷிப்ட் வாரந்தோறும் மாறும் ஆலையில் 'இரவு ஒன்பது மணிக்கு' என்று கட்டளையிடுவதால் பயனில்லை. எந்த ஷிப்டிலும் மாறாத ஒரு செயலோடு, பல் துலக்குவதோடோ வேலைக்குக் கிளம்புமுன் உண்ணும் உணவோடோ, மாத்திரையைப் பிணைத்துக் கொடுக்கும் ஆலோசகரே தம் பணியை அறிந்தவர்.

இன்னொரு செய்தி சிறியதாகத் தோன்றினும் பெரியது. வேளை தவறி உண்ணும் ஆலைத் தொழிலாளர்க்கு நெஞ்செரிச்சல் சாதாரணம். மருந்துக்கடையில் தாமாகவே அமில முறிவு மருந்தை வாங்கிக்கொள்வர். அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அம்மருந்து வயிற்றில் டோலுடெக்ராவிரைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும். ஆகவே மாத்திரையை அதற்கு இரண்டு மணி முன்னரோ ஆறு மணி பின்னரோ உட்கொள்ளவேண்டும். கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் வெறும் வயிற்றில் இதனோடு சேர்த்து உண்ணலாகாது. காசநோய்க்கு ரிபாம்பிசின் உட்கொள்பவருக்கு டோலுடெக்ராவிர் நாளுக்கு இருமுறை தேவை. எச்.ஐ.வி.யோடு வாழ்வோரைக் கொல்லும் நோய்களில் காசநோயே முதன்மையானது. ஆதலின் ஒவ்வொரு வருகையிலும் இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகிய நான்கையும் கேட்பது மையத்தின் கடமையாக வைக்கப்பட்டுள்ளது. ஒருநாள் தவறாமல் மாத்திரை உண்டும் கிருமி தணியாத ஒருவரின் சட்டைப்பையில் அமில முறிவு மாத்திரை இருக்கக்கூடும் என்று கேட்டறியும் மனிதர் வேண்டும். மருந்துச் சீட்டு இதனைக் கேளாது.

கைப்பேசி இதனைக் கேட்குமா? இவ்வினாவும் ஆராயப்பட்டுள்ளது. தென்னிந்தியாவில் மூன்று மையங்களில் புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 631 பேரில் ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் கைப்பேசியில் தானியங்கிக் குரல் அழைப்பும் படச்செய்தியும் அனுப்பிப்பார்த்தனர். 96 வாரங்களின் பின் அவர்களுக்கும் ஏனையோருக்கும் சிகிச்சைத் தோல்வியில் வேறுபாடு காணப்படவில்லை என்று 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை தெரிவித்தது. கருவிகளை நாம் இகழவில்லை. நினைவூட்டல் வேறு, விசாரித்தல் வேறு என்கிறோம்.

இனி, 'ஒன்பது பேர் எங்கே?' என்னும் ஆண்டவரின் கேள்விக்கு வருவோம். நன்றிகெட்டவரைக் கடிந்துகொள்ளும் குரலாகவே அது நமக்குப் பழகிப்போயிற்று. மையத்தின் பதிவேட்டை அறிந்தவருக்கோ அது வேறுவிதமாகவும் ஒலிக்கும். மாதந்தோறும் அப்பதிவேட்டில் மருந்து பெற வரவேண்டிய நாளில் வராதவர்களின் பெயர்கள் தனியே எடுக்கப்படுகின்றன. அவர்களைத் தேடி அழைப்பும் ஆளும் செல்கின்றனர். பத்துப் பேர் என்று எண்ணிவைத்தவரே ஒன்பது பேரைக் காணவில்லை என்று கேட்க முடியும். எண்ணாதவருக்கு எவரும் காணாமற் போவதில்லை.

கூலியும் நேரமும்

நிலைபெற்ற நோயாளிகளுக்கு மூன்று மாத மருந்தை ஒருசேரக் கொடுக்கும் முறையும், மாவட்ட மையத்திற்கு வராமலே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மருந்து பெறும் இணைப்பு மைய முறையும் உள்ளன. இவை பெரும் உதவி. ஆயினும் புதிதாகத் தொடங்குபவரும் கிருமி தணியாதவரும் அடிக்கடி வந்தாகவேண்டும். மையம் திறந்திருப்பது வேலை நாளின் வேலை நேரத்தில். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அன்று விடுப்பெடுத்தால் ஒருநாள் கூலி போயிற்று. மாதந்தோறும் எடுத்தால் 'என்ன நோய்?' என்னும் கேள்வி வரும். பொய்க் காரணங்களுக்கும் ஓர் அளவுண்டு. மாத்திரை இலவசமாயினும் அதனைப் பெறுவதற்கு விலையுண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் மிகக் குறைந்த கூலி பெறுபவரே.

எல்லையும் தன் பங்கைச் செய்கிறது. ஓசூரில் தெரிந்தவர் காண்பாரே என்று அஞ்சிப் பெங்களூரில் பதிவு செய்துகொள்வோரும், அங்கிருந்து இப்பக்கம் வருவோரும் உண்டு. மாத்திரை இரு மாநிலங்களிலும் ஒன்றே. மையம் மாறுவதற்கு முறையான மாற்றுத் தாளும் உண்டு. ஆனால் வேலை போனதும் ஒரே இரவில் ஊர் திரும்பும் தொழிலாளி அத்தாளைக் கேட்டுப் பெறுவதில்லை. ஒரு மையத்தில் வராதவர், மற்றொன்றில் பதியாதவர். இடையே மருந்து நின்றுவிடுகிறது.

2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இங்குத் துணைநிற்கிறது. வேலைக்குச் சேர்க்கவோ நீடிக்கவோ எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்கலாகாது, ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடலாகாது, நூறு பேருக்குக் குறையாத நிறுவனம் ஒவ்வொன்றிலும், மருத்துவ நிறுவனமாயின் இருபது பேருக்குக் குறையாதவற்றிலும், புகார் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். இச்சட்டம் ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று. நம் திருமண்டலப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் இவ்வலுவலரின் பெயர் அறிவிப்புப் பலகையில் உள்ளதா என்று பார்ப்பது பயன் தரும்.

ஆசாரியரிடம் அனுப்பியவர்

சபைகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில் கசப்பானதை முதலில் சொல்லிவிடுவோம். சுகமளிக்கும் கூட்டங்களில், 'விசுவாசித்தவன் மாத்திரையை விட்டுவிடட்டும்' என்று போதிப்போர் உள்ளனர். மருந்தை நிறுத்திய ஒருவர் சில வாரங்கள் நலமாகவே இருப்பார், சாட்சியும் கூறுவார். சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகத் தொடங்கிவிடும். மாதங்கள் கழித்துக் காசநோயோடு மருத்துவமனையில் அவர் கிடக்கும்போது அம்மேடையில் வேறொருவர் சாட்சி கூறிக்கொண்டிருப்பார்.

இதற்கு எதிரான வாதம் மருத்துவத்திலிருந்து மட்டுமன்று, திருமறையிலிருந்தே எழுகிறது. பத்துப் பேரையும் ஆண்டவர் ஆசாரியர்களிடம் தங்களைக் காண்பிக்குமாறு அனுப்பினார். லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின்படி, நோய் நீங்கியதா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு ஆசாரியருக்கு உரியது. குணமாக்கும் வல்லமை தம்மிடம் இருந்தும், ஆராயும் அதிகாரம் பெற்றவரைத் தாண்டிச் செல்லுமாறு அவர் எவரையும் ஏவவில்லை. மாற்கு முதலாம் அதிகாரத்துத் தொழுநோயாளிக்கும் இதே கட்டளை. ஆண்டவர் சோதனைக்கு அனுப்பினாரெனில், சோதனையை வெறுக்கும் விசுவாசம் யாருடையது? அன்றியும், அவர்கள் சுத்தமானது போகையிலே என்று லூக்கா கூறுகிறார். நின்ற இடத்திலன்று, நடந்து செல்கையில். நாள்தோறும் ஒரு மாத்திரை என்னும் நடையும் அத்தகையதே.

இரண்டாவது குறை வெளிப்படையாகத் தெரியாதது. ஜெபக்குறிப்பு என்னும் நல்வழக்கம் நம் சபைகளில் இரகசியம் கசியும் வாயிலாகவும் ஆகிவிடுகிறது. 'இன்ன சகோதரிக்கு இன்ன வியாதி' என்று ஜெபக்கூட்டத்தில் சொல்லப்படுவது விடியுமுன் தெருவெங்கும் பரவும். பெயரும் நோயும் சொல்லாமல் வேண்டினாலும் கர்த்தர் அறிவார். திருமண அறிக்கைக்கு முன் இரத்தச் சான்று கேட்கும் சபைகள், அத்தாள் எத்தனை பேர் கையில் செல்கிறது என்பதை எண்ணிப்பார்த்தல் நலம். அவ்வாறு கட்டாயப்படுத்தலுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது ஒருபுறம் இருக்க, இருமனமும் ஒப்பி நம்பிக்கை மையத்திற்குச் சேர்ந்து செல்லுமாறு மணமக்களுக்கு ஆயர் தனியே அறிவுரை கூறுவதே தக்க வழி.

இவ்வட்டாரச் சபைகளுக்கு வேறொரு பாரம்பரியமும் உண்டு. 1895-இல் கிருஷ்ணகிரியில் மிசௌரி லுத்தரன் மிஷன் பணியைத் தொடங்கிய தியோடர் நேதர் 1904-இல் பிளேக் நோய்க்கு இரையானார். கொள்ளை நோயின் நடுவே ஊரைவிட்டு நீங்காமல் நிற்றல் இம்மண்ணின் திருச்சபைக்குப் புதிதன்று. 1964-இல் டூபிங்கனில் கூடிய ஆலோசனை மன்றம், குணமாக்கும் ஊழியம் மருத்துவரிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்டதன்று, சபை முழுவதற்கும் உரியது என்று எடுத்துரைத்தது. ஆயின் சபை தனக்கென்று வேறொரு எச்.ஐ.வி. மருத்துவமனையை எழுப்பவேண்டிய தேவை இன்றில்லை. அரசு மையம் இருக்கிறது. அதன் வாசலை எட்டுவதற்கு உதவுவோரே குறைவு. வேலை நாளில் வர இயலாதவர்க்கு விடுமுறை நாளில் சில மணி நேரமேனும் மையத்தைத் திறந்துவைக்குமாறு மாவட்ட நிருவாகத்திற்கு விண்ணப்பித்தல், ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் பெயர் கேளாமல் ஈடுசெய்யும் சிறு நிதியை ஆயரின் பொறுப்பில் வைத்தல், சபையிலுள்ள ஆலை மேலாளரும் தொழிற்சங்கத்தாரும் மருத்துவ விடுப்புக்குக் காரணம் கேட்கும் வழக்கத்தைத் தம் இடத்தில் மாற்றுதல் ஆகியவை ஓசூர்ச் சபை ஒன்றால் இயலக்கூடியவை.

மொழியின் தேவை உடனடியானது. ஒடியாவோ இந்தியோ மட்டும் அறிந்த பெண்ணுக்கு அமில முறிவு மருந்தைப் பற்றித் தமிழில் விளக்கிப் பயனில்லை. உடன்வந்த மேற்பார்வையாளரை மொழிபெயர்க்கச் சொன்னால் அவள் இரகசியம் அங்கேயே போயிற்று. 1910-இல் தொடங்கிய பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர். ஓசூருக்கு அவர்கள் ஒருமணி நேரப் பயணத் தொலைவில்தான் உள்ளனர். களப்பணிக்காக அவர்களில் சிலரை, இரகசியம் காக்கும் உறுதிமொழி எழுதிவாங்கி, மையத்தின் ஆலோசகருக்குக் கீழ் மொழிபெயர்ப்பாளராக வாரம் ஒருநாள் அனுப்பலாம். அங்குப் பிரசங்கத்திற்கு இடமில்லை. ஒருவர் சொல்வதை மற்றவருக்குக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லவேண்டும். மாத்திரைகளை எண்ணும்போது அருகே இருக்கவேண்டும்.